அழத் தெரியாத பிள்ளை

பிள்ளையில்லாத நாங்கள், கன்னியர் மடத்து அனாதை இல்லத்திலிருந்து மூன்று வயது ஸ்டெல்லாவை வளர்க்க எடுத்து வந்தோம். விழுந்தாலும் அழமாட்டாள். யார் கூப்பிட்டாலும் போய்விடுவாள். "தங்கமான பிள்ளை" என்று தெருவே மெச்சியது. எனக்கும் பெருமைதான்.

என் கணவருக்குக் கடல் தொழில். கடலுக்குக் கிளம்புகிறவரிடம் எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று கேட்பது எங்கள் பக்கம் ஆகாது. அவரும் சொல்லாமலே போவார். அந்தப் பழக்கத்தில் நானும் ஸ்டெல்லாவைப் பக்கத்து வீட்டில் விட்டு, சொல்லாமலே மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் திரும்பி வந்தால் பிள்ளையைக் காணோம். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிய லாரிகள் பறக்கும் சாலை! பதறி ஓடினேன். உடன்குடி பஸ் நிற்கும் இடத்தில், கருப்பட்டி விற்க வந்த ஒரு அம்மாளின் விரலைப் பிடித்தபடி நின்றாள்.

"நான் கூப்பிடல தாயி. அதுவா வந்து கையப் புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்கு" என்றார் அவர்.

என்னைக் கண்டும் ஸ்டெல்லாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

மடத்துச் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "கைக்குழந்தையா இருக்கும்போது ரொம்ப அழுவா. அத்தனை பிள்ளைகள்ல ஓடிவந்து தூக்க இங்கன ஆள் இல்ல. அப்புறம் அழுறதையே விட்டுட்டா" என்றார்.

அன்று முதல் தண்ணீர் பிடிக்கப் போனாலும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். வந்ததும் முதலில் அவளைத்தான் தூக்குகிறேன். மாதக்கணக்கில் அவள் கண்டுகொள்ளவே இல்லை. போன வாரம் நான் மார்க்கெட்டுக்குக் கூடையை எடுத்ததும் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"என்ன, பிள்ள இப்படி அடம் புடிக்கு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கோ சந்தோஷத்தில் கண் நிறைந்தது.

மறுநாள் கடலுக்குக் கிளம்பிய என் கணவர் வாசலில் நின்று திரும்பினார். "ஏளா ஸ்டெல்லா, அப்பா சாயங்காலம் வந்துருவேன்" என்றார். கடலுக்குப் போகையில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

- ஒரு வாசகி, தூத்துக்குடி