புகையில் காய்ந்த பூண்டின் திசை

இந்த ஊரில் கடுகு தாளித்தால் வீடே அலறும். நெதர்லாந்துக்கு வந்த புதிதில், புகை பட்டதும் கூரையில் ஒட்டியிருந்த வெள்ளை வட்டு வடிவ எச்சரிக்கைக் கருவி கத்த, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். "தீப்பிடித்துவிட்டதா?" என்றார். "இல்லை, சமையல்." அவர் நம்பாமல் அடுப்பை எட்டிப் பார்த்தார். "புகை வருகிறதே, எப்படிச் சமையலாகும்?" கொடைக்கானலுக்கு மேலே எங்கள் ஊரில் கூரையில் புகை தெரியாத வீட்டைப் பார்த்துத்தான் என்ன ஆயிற்று என்று விசாரிப்பார்கள். பறித்த பூண்டைத் தண்டோடு கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவோம். புகையிலேயே காய்ந்து மாதக்கணக்கில் கெடாது. அந்த வாசத்தோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன், எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாக. டவுன் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். கணக்கில் அவர்களை முந்திக்கொண்டே இருந்தேன்.

இங்கும் என் ஆராய்ச்சி பூண்டுதான். பல நாட்டுப் பூண்டுகளின் வாசத்தைக் கருவி நூற்றுக்கணக்கான கூறுகளாகப் பிரித்து அளந்து தரும். ஒவ்வொரு பூண்டையும் ஓர் அம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். காரம் கூடினால் அம்பு நீளும். எந்த வாசம் எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்பதைத் திசைதான் சொல்லும். நீளத்தை விட்டு, திசையை மட்டும் பார்த்துக் குழு பிரிப்பது என் வேலை. அத்தனை பக்கமும் திரும்பக்கூடிய அம்புகளில் எது எதற்கு நெருக்கம் என்று கண்ணுக்குத் தெரியாது. புள்ளியியல்தான் சொல்ல வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் சில அம்புகள் எந்தக் குழுவிலும் அடங்காமல் சிதறி நின்றன. "கெட்டுப்போன மாதிரிகள், நீக்கிவிடு" என்றார் பேராசிரியர். நீக்கினால், எந்தப் பூண்டையும் குழு பிரிக்கும் என்று முனைவர் பட்டத்துக்காக நான் உருவாக்கிய முறை தோற்றதாகிவிடும். நீக்கவில்லை. எல்லாக் குழுக்களும் ஒரே அளவு நெருக்கமாக இருக்கும் என்று என் முறை வைத்துக்கொண்டிருந்தது. ஒரு குழு நெருக்கியடித்தும் இன்னொன்று அகன்றும் நிற்கலாம் என்று மாற்றி எழுதினேன். சிதறியவை ஒன்றுசேர்ந்தன. அவற்றின் பொதுத் திசை விறகுப் புகையின் கூறுகள் பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வீடு விறகு மாறும்; சிதறாமல் என்ன செய்யும்?

ஆய்வுக் கூட்டத்தில் எல்லார் முன்னும் சொன்னேன்: "இவை அடுப்புக்கு மேலே காய்ந்தவை."

"யார் அப்படிக் காய வைப்பார்கள்?" என்றார் பேராசிரியர்.

"நாங்கள்."

மாதிரிகளை அனுப்பிய இடங்களில் விசாரித்தார்கள். அத்தனையும் புகையில் காய்ந்தவைதான். பேராசிரியர் எழுந்து வந்து கைகுலுக்கினார். பட்டம் உறுதியானது, இங்கேயே வேலையில் தொடரவும் கேட்டார்கள். சரி என்றேன்.

அம்மாவை அழைத்தேன்.

"ஜெயிச்சுட்டேம்மா."

"என்ன சோலி பாத்த ஆத்தா?"

"எது எந்தப் பூண்டுன்னு கண்டுபிடிச்சேன்."

"அதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போகணுமாக்கும்? இங்கன மூட்டை மூட்டையா கெடக்கு, வந்து கண்டுபிடி." பின்னால் அப்பா சிரித்தார். அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பூண்டு பறிப்புக்கு வெரசா வந்துருத்தா."

அதற்கும் சரி என்றேன். ஃபோனில் ஒரு ஜீப் முக்கி முக்கி மேடேறும் சத்தம். ஜன்னலுக்கு வெளியே, கண்ணுக்கு எட்டியவரை, மேடே இல்லாத நிலம்.