இரவல் மூத்திரம்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ஈரல்வரை போயிருந்தது. சென்னையில் குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, வயிற்றில் துளை போட்டு, மலம் வெளியேறப் பை கட்டி அனுப்பினார்கள். அதன்பின் மருந்து ஏற்றிக்கொள்ள திருத்தணியிலிருந்து ரயிலில் போய் வந்துகொண்டிருந்தோம். பையை நான் துண்டால் மூடி வைப்பேன். அப்படியும் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார்கள்.

ஒருநாள் டாக்டரம்மா ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். சிறுநீரை வைத்தே குடல் புற்றுநோயைக் கண்டுபிடிக்கவும், சிகிச்சைக்குப் பிறகு அது அடங்குகிறதா வளர்கிறதா என்று பார்க்கவும் ஒரு சோதனையை முயன்று வருகிறார்களாம். ஸ்கேனும் ரத்தச் சோதனையும் வழக்கம்போல நடக்கும், இது கூடுதல், விருப்பம் இருந்தால் கொடுக்கலாம் என்றார்.

நைனா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இதுல நான் முன்னாடியே புடிச்சிக் குடுத்துகீறேம்மா."

"எப்போ?"

"போன வருசம் திருத்தணியில நீங்க கேம்பு போட்டீங்களே, அப்போ. எனுக்கு இல்ல. எங்க ஐயாவுக்கு."

ஐயா என்பவர் திருவாலங்காடு பக்கத்து நிலத்துக்காரர். நைனா விவரம் தெரிந்த நாள்முதல் அவருடைய கரும்புத் தோட்டத்தில்தான் வேலை செய்தார். ஐயாவின் அண்ணன் இதே நோயில் செத்தவர். மலையடிவாரக் கல்யாண மண்டபத்தில் முகாம் நடந்தபோது ஐயாவின் மகன் அவர் பெயரைப் பதிந்து டப்பாவைக் கையில் திணித்துவிட்டான். தனக்கும் அது இருந்துவிடுமோ என்று ஐயாவுக்குப் பயம். நைனாவை மோட்டார் ரூமுக்குப் பின்னால் அழைத்துப் போய், "உனுக்கு ஒரு நோவும் கெடையாது. உன்னுத குடுடா. எம்புள்ள நச்சரிப்பு தாங்கல" என்றாராம்.

நைனா அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"ரிசல்ட் என்ன வந்துச்சு?"

"அது எனுக்கு எப்டிம்மா தெரியும்? அவுரு பேர்லதானே வந்திருக்கும்."

நைனா வெளியே போனதும் டாக்டரம்மா என்னை நிறுத்தினார். "இன்னொருத்தர் ரிசல்ட்டை நான் சொல்லக்கூடாது. சந்தேகம் வந்தவங்களைக் குழாய் விட்டுப் பார்க்கக் கூப்பிட்டோம். அந்த ஐயாவுக்குப் போன் வந்துச்சான்னு கேளுங்க."

மறுநாள் காலை ஐயா வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கேட்டேன். மறைக்கவேயில்லை.

"ஆங், வந்துச்சி. சந்தேகமா கீது, வாங்கன்னாங்க. டப்பா மாறிப்போச்சின்னு சொல்லி அப்பறம் என்னுதையே குடுத்தேன். ஒண்ணுமில்லன்னு வந்துச்சி. அப்பதான் எனுக்கு உசுரே வந்துச்சி."

"மொதல்ல குடுத்தது யாருதுன்னு அவங்க கேக்கலியா?"

"கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன்."

"எங்க நைனாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"வெட்டு நேரம்மா அது. உங்க நைனா ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துகினா கரும்ப யாரு வெட்டுறது? ஆலைக்கு அனுப்பினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்." தவிட்டில் கையை விட்டு ஒரு சுற்று சுற்றினார். "சொல்லியிருந்தா மட்டும் பொழைச்சிருப்பானா? எங்க அண்ணனுக்கு நாங்க பாக்காத வைத்தியமா?"

நான் கேட் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அந்தப் பையோட இந்தப் பக்கம் வரவேணாம்னு சொல்லு. நாத்தத்துக்கு மாடு மெரளுது."

அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நைனாவிடம் சொன்னேன். அம்மா அப்போது கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். நைனா கஞ்சி வேண்டாமென்று கையைக் காட்டினார்.

"அந்த வெட்டுலதான் ரத்தமா போவுதுங்கன்னு அவன்கிட்ட சொன்னேன்" என்றார். "சூடு, மோர் குடின்னான். நானும் குடிச்சிகினு வெட்டினேன்."

ஐயாவை அவர் 'அவன்' என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

நைனா விருப்பப்பட்டே டப்பாவில் சிறுநீர் கொடுத்தார், இந்தமுறை தன் பெயரில். அடுத்த முறை போனபோது எல்லாச் சோதனைகளும் ஒன்றையே சொல்லின. நோய் வளர்கிறது, மருந்துக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போய் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. வலி தெரிந்தது. கடைசி நாட்களில் தெருக்கோடிவரை கேட்கும்படி கத்தினார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறும் சமயத்தில் இறந்தார்.

ஐயா மாலையோடு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே ஒருவனிடம் கொடுத்துப் போடச் சொன்னார். புறப்படும்போது அம்மாவைப் பக்கத்தில் அழைத்தார்.

"காரியம் முடிஞ்சதும் வந்துடு. களை மண்டிக் கெடக்குது, ஆளு கெடைக்கல."

காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்தாளு தோட்டத்துக்கா போற, என்று கத்தினேன்.

"வேற யாரு தோட்டம் கீது இங்க?" என்று கேட்டுவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனாள்.