தகடு கழன்ற காரில் கௌதள்ளிக்கு

மார்கழிக் குளிரில் எங்கள் காரை ஸ்டார்ட் பண்ணினால் மைசூர் விஜயநகரில் எங்கள் தெருவே விழித்துக்கொள்ளும். அடியில், சைலன்சர் குழாயின் சூடு வெளியே பரவாமல் தடுக்க ஒரு தகடு உண்டு. ஹீட் ஷீல்டு என்பார்கள். அதன் போல்ட் துருப்பிடித்து உடைந்து, தகரடப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவதுபோல் கடகடவென்று அடித்தது. எதிர்வீட்டு ரிடையர்ட் ஆசாமி தினமும் கேட்டருகே நின்று, "ஏன் சார், இன்னும் ஓடுதா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மெக்கானிக்கிட்டக் காட்டுங்க" என்றாள் மனைவி. சனிக்கிழமை பூராவும் அவன் ஷெட்டில் தவம் கிடக்க என்னால் ஆகாது. ஒரு கட்டுக்கம்பி போதாதா? அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, கோணிப்பை விரித்துக் காருக்கடியில் படுத்தேன். கட்டலாமென்று தகட்டைப் பிடித்தால், மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. வண்டியை எடுத்துப் பார்த்தேன். சத்தம் போயே போச்சு! இதற்காகவா இத்தனை நாள் அவஸ்தைப்பட்டோம் என்றிருந்தது.

"மெக்கானிக் சரி பண்ணிட்டாரா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். ஓரெழுத்துப் பொய்தானே, அதற்கெல்லாம் சாமி கண்ணைக் குத்தாது.

அடுத்த வாரம் கௌதள்ளி கிராமத்தில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். ஹனூர் தாண்டியதும் ரோடெங்கும் கொள்ளுச்செடி பரப்பியிருந்தார்கள். அறுவடை நாளில் அங்கே ரோடுதான் களம், போகிற வண்டிகள்தான் மாடு. நானும் தாராளமாக ஏற்றி ஓட்டினேன். ஒரு பர்லாங் போவதற்குள் அடியிலிருந்து புகை வந்தது.

கொள்ளுக்கொடி குழாயில் சுற்றிக்கொண்டு பற்றியிருந்தது. இருவரும் இறங்கி ஓடினோம். பக்கத்துக் கொள்ளுக்காட்டில் வேலையாக இருந்த நாலு பேர் குடத்தோடு ஓடிவந்து தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். ஒரு பெரியவர் ரோட்டில் படுத்து, கருகிய கொடியைக் குச்சியால் இழுத்துப்போட்டார். "ஏனுங்க, இங்க ஒரு தகடு இருக்கோணுமே, காணமுங்களே?" என்றார்.

தீயைவிட அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "மெக்கானிக்கு சரியா மாட்டலையாட்ட இருக்குதுங்க" என்றாள். உடனே மொத்தக் கூட்டமும் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டது. தமிழில் கொஞ்சம், கன்னடத்தில் கொஞ்சம் திட்டினார்கள். பாவம், மைசூரில் அவனுக்குப் புரையேறியிருக்கும். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

குழாய் ஆறியதும் பெரியவர் செடியை ஒதுக்கி வழிவிட்டார். தப்பித்தோமடா என்று விசிலடித்துக்கொண்டே ஓட்டினேன்.

"எனக்குப் போன வாரமே தெரியுமுங்க" என்றாள் மனைவி. "சத்தமே இல்லீங்க, நல்லாச் செஞ்சிருக்கீங்கன்னு சொல்லலாம்னு மெக்கானிக்குக்குப் போன் பண்ணினேன். கார் இங்க வரவே இல்லையேன்னார்."

விசில் நின்றுவிட்டது. "அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா இன்னொண்ணு சொல்லுவீங்க. அதையும் நான் நம்போணும்."

கூசிப்போனேன். அவள் கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், அதில் எனக்கு நல்ல பழக்கம். அவள் கத்தவில்லை. வண்டியை ஓரங்கட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.