வீட்டோடு வந்த மாப்பிள்ளை

நெரவிக்குப் பக்கத்தில் மின்சார சுவிட்சு செய்யும் கம்பெனி வருகிறது, பெண்களைத்தான் எடுக்கப் போகிறார்கள் என்று எண்பதுகளில் கேள்விப்பட்டபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டு நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் நான். பாண்டிச்சேரி சர்க்கார் சலுகை கொடுத்துக் கூப்பிட்ட கம்பெனி அது. அதனால் காரைக்கால் எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்குத்தான் வேலை என்று நிபந்தனை. நெரவியில் பிறந்தவளுக்கு என்ன கவலை என்று குடியிருப்புச் சான்று வாங்கக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குத் துள்ளிக்கொண்டு போனேன்.

அங்கிருந்த குமாஸ்தா, எங்கே கட்டிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். வாய்க்காலுக்கு அந்தாண்டை என்றேன். அது தமிழ்நாடும்மா, குடியிருக்கிற இடம்தான் கணக்கு என்று சொல்லிவிட்டார். அடக் கடவுளே, எங்கள் வீட்டு ஆடு நாளெல்லாம் மேய்வதே காரைக்காலில்தான்! வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த என் புருஷன் முழுசையும் கேட்டார். அப்படியானால் உங்கப்பா வீட்டிலேயே போய் இருந்துவிடுவோம் என்றார். வீட்டோட மாப்பிள்ளை என்று ஊரே கிண்டலடிக்குமே என்றேன். அடிக்கட்டும் என்று பம்பையும் ஸ்பானர்களையும் மூட்டை கட்டிவிட்டார்.

அங்கே குடிபோய் மறுபடி மனுக் கொடுத்து ஒரு மாதம் கழித்து, நிஜமாகவே குடியிருக்கிறோமா என்று பார்க்கக் குமாஸ்தா வந்தார். அன்றைக்கென்று பார்த்துக் காரியத்தைக் கெடுத்தாள் என் அம்மா. அவளுக்கு எத்தனை நாளானாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். தலைவாழை இலை, வஞ்சிர வறுவல், பக்கத்தில் விசிறியோடு அப்பா! குமாஸ்தா வாசலிலேயே நின்றுவிட்டார். விருந்துக்கு வந்திருக்கிறார்கள் போல என்று சொல்லிச் செருப்பை மாட்டினார். போச்சு, எல்லாம் போச்சு.

என் புருஷன் பாதிச் சோற்றில் எழுந்தார். தன் எச்சில் இலையைத் தானே எடுத்துக் கொல்லையில் போட்டார். மாமனார் வீட்டில் எந்த மாப்பிள்ளையும் செய்யாத காரியம். அம்மா பதறிப்போனாள். அதோடு விட்டாரா? குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய்ப் பெண்கள் வரிசையில் நின்றார். தெருவே சிரித்தது; கிளம்பின குமாஸ்தாவும் நின்று வேடிக்கை பார்த்தார். நிறைகுடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு குமாஸ்தா முன்னால் வந்து நின்றார்.

"விருந்தாளி இல்லீங்க. இவ வேலைக்குப் போவா, தண்ணி நான்தான் புடிப்பேன்."

நனைந்த சட்டையோடு நின்றவரைக் குமாஸ்தா ஏற இறங்கப் பார்த்தார். குடியிருக்கிறார்கள் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும். தாலி கட்டின அன்றைக்குக்கூட அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.