விளக்குக்கு உட்கார்ந்தவர்கள்

கிரேக்கத் துறைமுக ஊரான பெராமாவில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் முப்பது வருடம் வெல்டிங் செய்தவர் ஸ்தாத்திஸ். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தே பழகியதாலோ என்னவோ, யாரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேச மாட்டார். மனைவி எவ்லம்பியா அவரோடு பேசிப் பல வருடம் ஆகிறது. சமைப்பாள். அவருக்குத் தட்டு வைப்பாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள்.

மகன் யோர்தானிஸ் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இறந்தான். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மூன்று வருடத்துக்குத்தான் இடம். பிறகு குழியைத் திறந்து, எலும்புகளை எடுத்து, ஒயினில் கழுவிப் பெட்டியில் வைக்க வேண்டும். மகனின் குழியைத் திறந்த அன்று காலை ஸ்தாத்திஸ், "நீ முன்னாடி போ, வந்துடறேன்" என்றார். வரவில்லை. மகனின் தலையை அவள் ஒருத்தியாகக் கையில் வாங்கினாள். திரும்பும் வழியில், காப்பிக்கடையில் அவர் பகடை உருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அதோடு பேச்சு நின்றது.

படம் எடுக்க வீடு கேட்டு ஆட்கள் வந்தபோது அவர் உடனே சம்மதித்தார். வீட்டில் மனிதர்கள் இருந்தால் அவள் வாய் திறந்துதான் ஆக வேண்டும். அதில் ஒரு சொல்லாவது தன் பக்கம் விழும் என்று நினைத்தார். படத்தின் கதையில், மனைவியின் தங்கையோடு ஓடிப்போன ஒருவன் திரும்பி வருகிறான். சமையலறை மேசையில் மனைவி அவனை மன்னிக்கிறாள். அந்தக் காட்சிக்குத்தான் இந்த மேசை.

நடிகர்கள் வரத் தாமதமானது. வெளிச்சம் பார்ப்பதற்காக விளக்குக்காரர் மேனியோஸ் இவர்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரச் சொன்னார். நாற்காலி நகராமலிருக்கத் தரையில் நாடா ஒட்டி அடையாளம் வைத்தார்.

"அக்கா, ஜன்னலப் பாக்காதீங்க, அண்ணனப் பாருங்க. அண்ணே, அழாதீங்க, இது வெறும் விளக்கு."

"வெல்டிங் பாத்த கண்ணுடா இது. உன் பல்புக்கா அழும்?" என்றார் ஸ்தாத்திஸ். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

"ஏதாச்சும் பேசுங்க. வாய் அசையறப்ப நிழல் எங்க விழுதுன்னு பாக்கணும்."

ஸ்தாத்திஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எவ்லம்பியா, அன்னிக்கு நான் கல்லறை வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள கால் வெக்க முடியல. அவன அப்படிப் பாக்க முடியல."

மேனியோஸ் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தினார். "நிழல் சரியா இருக்கு. அக்கா, இப்ப நீங்க."

எவ்லம்பியா, சொன்னபடியே, அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். கோயிலில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தை நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள். அன்றாட அப்பத்தைக் கேட்கும் இடம் வரை வந்தாள். அடுத்த வரி, எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்பது. ஸ்தாத்திஸின் உதடுகள் அந்த வரியை முன்னதாகவே முணுமுணுத்தன.

அவள் மேனியோஸ் பக்கம் திரும்பினாள். "போதுமா தம்பி? அடுப்புல பீன்ஸ் இருக்கு."

மதியம் நடிகை வந்தாள். அதே நாற்காலியில் உட்கார்ந்து கணவனை மன்னித்தாள். சரியாக வரவில்லை என்று மறுபடி மன்னிக்கச் சொன்னார்கள், மறுபடியும் மன்னித்தாள். ஸ்தாத்திஸ் நடைவழியில் நின்று ஒவ்வொரு தடவையும் பார்த்தார்.

சாயங்காலம் எல்லோரும் போனதும் அவர் இரண்டு நாற்காலிகளையும் நாடா அடையாளத்திலேயே போட்டுவைத்தார். எவ்லம்பியா பீன்ஸைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். தன் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். பிறகு கத்தியோடு குனிந்து, தன் பக்கத்து நாடாவைத் தரையிலிருந்து சுரண்டி எடுத்தாள்.