வாசலில் திரும்பியிருந்த சப்பாத்துகள்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டை விட்டுவிட்டு, ஐஃபெல் மலைப்பக்கம் ஒரு கிராமத்தில் வீடு வாங்க வேண்டும் என்று போன வருடம் என் கணவருக்கு ஓர் ஆசை வந்தது. அங்கே வீடுகள் மலிவு, பின்னால் நிலமும் இருக்கும். அவர் லொறி ஓட்டுகிறவர். திங்கட்கிழமை போனால் வெள்ளிக்கிழமைதான் வருவார். இடையிலுள்ள இரவுகளில் அந்த வீட்டில் இருக்கப்போவது நான் மட்டும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காரில் புறப்பட்டோம். பெரிய ரோட்டை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கிராமம், பிறகு காடு, பிறகு இன்னொரு கிராமம். முற்றங்கள் பெருக்கியிருந்தன. விறகு ஒழுங்காக அடுக்கியிருந்தது. புகைபோக்கிகளில் புகை வந்துகொண்டிருந்தது. மனிதரை மட்டும் காணவில்லை. ஒரு வளைவில் ஆளளவு சிலுவையில் இயேசு தொங்கினார். காலடியில் வாடாத பூ. யாரோ அன்று காலையில்தான் வைத்திருக்க வேண்டும்.

"சனமே இல்லையே," என்றேன்.

"அதுதானே வேணும். அங்க மேல் வீட்டுக்காரன் நடக்கிறதும் கேக்குது, கீழ் வீட்டுக்காரி சண்டை பிடிக்கிறதும் கேக்குது."

"அவ சண்டை பிடிக்கிறது எனக்கொரு துணை."

அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

கோப்பி குடிக்க ஒரு பேக்கரியில் நிறுத்தினோம். உள்ளே ஒரு மேசையில் நான்கு வயதானவர்கள் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கதவைத் திறந்ததும் கதை நின்றது. இவர் பொதுவாக வணக்கம் சொன்னார். நால்வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகப் பதில் சொன்னார்கள். பிறகு நாங்கள் குடித்து முடிக்கும்வரை ஒரு சொல் இல்லை. கரண்டியைக் கீழே வைக்கும் சத்தமே எனக்குக் கூச்சமாக இருந்தது. எழும்பும்போது அவர்களில் ஒருவர் எங்களைப் பார்க்காமலே ஜெர்மனில் கேட்டார்: "அந்த வீட்டுக்கா?"

இவர் ஓம் என்று தலையாட்டினார். அந்த மனிதரும் தலையாட்டினார். அவ்வளவுதான்.

"எந்த வீடெண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்று காருக்குள் கேட்டேன்.

"எங்களைப்போல ஆக்கள் இஞ்சால சும்மா சுத்திப் பாக்கவோ வரப்போகினம்? விக்கிறதுக்கு அந்த ஒரு வீடுதான் இருக்குமாக்கும். உமக்கு எல்லாத்துக்கும் பயம்."

வீடு அடுத்த ஊரின் கடைசியில், காட்டைத் தொட்டபடி இருந்தது. வீடு விற்றுத் தருகிற மாக்லர் தன்னால் வர முடியாது, திறப்பு விறகுக் கொட்டிலில் ஆணியில் தொங்கும், எடுத்துத் திறந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தார். கொட்டிலுக்குப் போய் வந்ததில் சப்பாத்துகள் ஊறிச் சேறாகிவிட்டன. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஆளில்லாத வீடுதான். ஆனாலும் சப்பாத்தோடு வீட்டுக்குள் போக எங்களுக்குக் கால் வராது.

இவர் பொயிலரைப் பார்க்க, சமைக்கிற குசினிக்கு நேர் கீழே இருந்த நிலவறைக்கு இறங்கினார். நான் மேலே ஏறினேன். படுக்கையறைக் கதவின் உட்பக்கத்தில் மூன்று தாழ்ப்பாள்கள் இருந்தன. மேலே இருந்தது துருப்பிடித்தது. நடுவில் இருந்தது கொஞ்சம் புதியது. கீழே இருந்தது இன்னும் பளபளத்தது. ஒரே நாளில் பொருத்தியவை அல்ல. யாரோ இங்கே தனியாகப் படுத்திருக்கிறார், ஒன்று போதாமல் இரண்டாவது, அதுவும் போதாமல் மூன்றாவது. அந்த அறையிலேயே அசையாமல் நின்றேன்.

இவர் வந்து கதவைப் பார்த்தார். "பாத்தீரா, நல்ல பாதுகாப்பான வீடு." பிறகு அடுத்த அறைக்குள் போய், கிழக்குச் சுவரில் சாமிப்படம் வைக்கலாம் என்று கையால் அளந்தார்.

வெளியே வந்தபோது, வீட்டைப் பார்த்தபடி நாங்கள் விட்ட சப்பாத்துகள் ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன. சேறு துடைத்திருந்தது. ஈரம் உறிஞ்சுவதற்காக உள்ளே பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்திருந்தது. நான்கும் ஒரே வரிசையில் இருந்தன.

ரோட்டிலிருந்து வாசல்வரைக்கும் சரளைக்கல். நடந்தால் நொறுநொறுவென்று கேட்கும். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

"எவ்வளவு நல்ல சனம்," என்றார் இவர். எதிர் வீடுகளைப் பார்த்து உரக்க நன்றியும் சொன்னார். எந்தக் கதவும் திறக்கவில்லை. எங்கேயோ ஒரு யன்னல் மறைப்பு மெதுவாக இறங்கும் சத்தம் மட்டும் வந்தது.

அது அன்பா, அல்லது போங்கள் என்று சொல்வதா? இப்போதும் எனக்குத் தெரியாது. தாளை வெளியே எடுத்துவிட்டுக் காலை நுழைக்கும்போது, வேறு யாருடைய சப்பாத்தையோ போடுவது போல இருந்தது. பாதி ஐரோப்பாவில் தனியாக லொறிக்குள் படுத்தெழும்புகிற மனிதர் இவர். சப்பாத்து நாடாவைக்கூடக் கட்டாமல் காருக்கு நடந்தார். ஏறியதும் கதவுகளைப் பூட்டினார். நாங்கள் உள்ளே இருக்கும்போது காரை அவர் பூட்டி நான் பார்த்ததில்லை.

அந்தப் பூட்டு விழுந்த சத்தம்தான் எனக்குத் துணிவு தந்தது.

"இஞ்சேருங்கோ, எனக்கு இஞ்ச தனிய இருக்க ஏலாது."

"பழகிடும்," என்றார். வழக்கமான உறுதி குரலில் இல்லை. நானும் விடாமல் திரும்பச் சொன்னேன். "ஏலாது."

அவர் காரை எடுத்தார். பெரிய ரோட்டில் ஏறி, லொறிகளுக்கு நடுவே வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"நான் நிலவறைக்குள்ள நிக்கேக்க நீர் குசினிக்கு வந்தனீரோ?"

"இல்லை. நீங்கள் வருமட்டும் நான் மேலதான் நிண்டனான்."

"தலைக்கு மேல ஆரோ மெல்ல நடந்தவை. நீரெண்டு நினைச்சு, குசினி பிடிச்சிருக்கோ எண்டு கேட்டனான்."

"பிறகு?"

"நடை நிண்டிட்டுது."

கொஞ்ச தூரம் போனோம்.

"மாக்லருக்குத் திங்கட்கிழமை போன் அடிச்சு, வேண்டாமெண்டு சொல்லுறன்," என்றார்.

"லொறியில ஏற முதல் அடியுங்கோ," என்றேன்.