தொரையைக் கண்டால் அடங்கும் புகை

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கெலிஓயாவில் என் ஹாட்வெயார் கடை வாசலில் நேற்றுவரை நின்ற டீசல் காரை யாரிடமும் கைநீட்டாமல் வாங்கினேன். எங்கள் தோட்டத்து ஆட்களில் அப்படியொரு காரை முதலில் வாங்கியவன் நான்தான். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கலகெதர ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறும். வருடா வருடம் புகை டெஸ்டுக்குக் கொண்டுபோனால், மெஷின் வேலை செய்கிறதா என்று அங்குள்ளவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவு சுத்தம்.

போன மாதம் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. இந்த வகைக் கார்களையெல்லாம் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இங்கிலீஷ் கடிதம், மகள்தான் வாசித்துச் சொன்னாள்.

“அப்பா, டெஸ்ட் பண்றாங்கன்னு இந்தக் காருக்குத் தெரிஞ்சிருமாம். அந்த நேரம் மட்டும் புகைய அடக்கிக்குமாம். ரோட்டுக்கு வந்ததும் பழையபடி கக்குமாம்.”

“காருக்கு எப்புடிடி தெரியும்? அதுக்கென்ன கண்ணா இருக்கு?”

கண் இருக்கிறது என்று என்னிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். அறுபது வருடத்துக்கு முன்னால்.

அன்று சாயங்காலம் காரை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் உள்ளே ஏதோ சுற்றிக்கொண்டே இருந்தது. காற்றாடிதான், என்றைக்கும் அப்படித்தான் சுற்றும். ஆனாலும் முன்விளக்கு இரண்டையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனேன்.

கண் இருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்கு ஏழு வயது. எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்று சொல்லுகிற தேயிலைத் தொழிற்சாலையில் சித்தப்பா எஞ்சின் ஓட்டினார். ஸ்டோரில் கொழுந்தை உருட்டி நசுக்குகிற ரோலர்களையெல்லாம் சுழற்றியது ஒரே ஒரு கிழட்டு டீசல் எஞ்சின். அதன் குழாய் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். கரும்புகை இறங்கினால் மாடியில் வாடப்போட்ட கொழுந்தில் நாற்றம் ஏறிவிடும். இனி ஒரு தடவை கரும்புகை கண்ணில் பட்டால் எஞ்சின்காரனுக்கு வேலையும் கிடையாது, குடியிருக்க லயத்துக் காம்பராவும் கிடையாது என்று தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை சொல்லிவிட்டார். எஞ்சினுக்குப் புதுச் சாமான் கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. சித்தி அப்போது முழுகாமல் இருந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் தொடங்கியது. லயத்து வாசலில் மண் சரியாமல் கட்டிய கல் அணையில் உட்கார்ந்தால் ஸ்டோர் கூரை நேர் எதிரே தெரியும். காலையிலிருந்து கறுப்பாய்க் கக்குகிற குழாய், கீழ் வளைவில் தொரையின் ஜீப் ஹோர்ன் கேட்டதும் வெறிச்சென்று ஆகிவிடும். எஞ்சின் சத்தம் மாறாது. புகை மட்டும் இருக்காது. ஜீப் திரும்பிப் போனதும் மறுபடி கக்கும்.

“சித்தப்பா, தொரை வர்றது எஞ்சினுக்கு எப்புடி தெரியுது?”

“அதுக்குக் கண்ணு இருக்குடா. தொரையக் கண்டா மூச்ச அடக்கிக்கும்.”

“என்னயக் கண்டா?”

“நீ என்ன பெரிய தொரையா? ஒன்னயக் கண்டா தும்மும்.”

சிரித்துவிட்டுக் காறித் துப்புவார். எச்சில் கறுப்பாக விழும். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு விரல் கறுப்பதுபோல எஞ்சின்காரருக்கு எச்சில் கறுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் எஞ்சின் அறைக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். இருட்டில் இரண்டு வட்டக் கண்ணாடிகள். அவற்றுக்குக் கீழே எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டும் என்னையே பார்த்தன. ஓடி வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் குழாய்க்கு நான் கும்பிடு போடாமல் போனதில்லை.

பிறகு ஒரு மத்தியானம் தொரையோடு கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஸ்டோர் விறாந்தையில் கதிரை போட்டு, கோப்பை கோப்பையாகத் தேத்தண்ணி ருசி பார்த்தார்கள். குழாய் சுத்தமாக நின்றது. மற்ற நாளில் தொரை பத்து நிமிடத்தில் போய்விடுவார். அன்றோ விறாந்தையில் கிடந்த வெயில் சுவரேறிவிட்டது, அவர்கள் எழுந்திருக்கவில்லை. தொரை பிரம்பால் குழாயைக் காட்டி ஏதோ பெருமையாகச் சொன்னார். நான் அணைமேல் நின்று கைதட்டினேன்.

ஜீப் போனது. புகை வரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, குழாய்க்கு மேலே வெறும் வானம். நிறுவைக்குக் கொழுந்து கொண்டுவந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

“எஞ்சின் இன்னும் தொரையப் பாத்துக்கிட்டே இருக்கு!” என்று கத்தினேன்.

ஸ்டோர் வேலையையெல்லாம் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் போய் அறைக் கதவைத் தோளால் இடித்தார். சந்தெல்லாம் சாக்கு அடைத்திருந்ததால் இரண்டு மூன்று இடிக்குப் பிறகே திறந்தது. உள்ளேயிருந்த புகையெல்லாம் தரையோடு தரையாக, குனிந்த ஆள் ஒருவர் தவழ்ந்து வருவதுபோல வெளியே வந்தது. அதற்குப் பின்னால் ஸ்டூலில் சித்தப்பா சாய்ந்திருந்தார். ஒரு சங்கிலியை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்திருந்தார். அதன் மறுமுனை, குழாயின் நடுவில் அவரே வைத்த தகட்டு மூடிக்குப் போனது. சங்கிலியை இழுத்தால் புகை மேலே போகாது, அறைக்குள் இறங்கும்.

நேற்றுக் காரைக் கம்பனியில் விட்டுவிட்டு வந்தேன். “சரிபண்ணினா முன்னமாதிரி இழுக்காது முதலாளி, டெஸ்டெல்லாம் பாஸ்தானே, வெச்சுக்கங்க” என்று கடைப் பொடியன்கள் எவ்வளவோ சொன்னார்கள். மகள் பின் சீட்டில் உட்கார்ந்து போன வருடங்களை நினைத்தேன்.

அன்று இரண்டு பேர் சேர்ந்துதான் சித்தப்பாவின் கையிலிருந்து சங்கிலியைக் கழற்றினார்கள். அது விடுபட்டு மேலே ஓடியது. கூரைக் குழாய் ஒரு முறை இருமி, கன்னங்கரேலென்று கக்கியது. தொரை போய்விட்டதை எஞ்சின் இப்போதுதான் கண்டுகொண்டது என்று நினைத்து, நான் மறுபடி கைதட்டினேன்.